கரண்ட் போனா பிரச்சினை இல்ல, வந்தாத்தான்!

போன வாரம் டொரண்டோவில் எங்கள் ஆபீஸ் கட்டடத்தில் கால் மணி நேரம் கரண்ட் போய்விட்டது. (ஆமாம் மக்களே, கனடாவிலும் கரண்ட் போகும்.) போனதில் பெரிய பிரச்சினை இல்லை. வந்த பிறகுதான் ஒரு சர்வர் மட்டும் எழுவதும் விழுவதுமாகப் படம் காட்டியது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தஞ்சாவூர்ப் பையன் என் இடத்துக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். ஏறுது, ஏறின கையோட படுத்துடுது. நாலாவது தடவை போட்டுப் பாக்கவா?"

"தொடாதே! கையை எடு!" என்று கத்திவிட்டேன். பக்கத்து சீட்டு சீனாக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். பையன் முகம் சுண்டிவிட்டது. நான் கத்துகிற ஆள் இல்லை. 25 வருஷமாகப் பொட்டி தட்டுகிறவனுக்கு இதெல்லாம் சகஜம். ஆனால் கரண்ட் வந்த பிறகு விழும் சர்வரை யாராவது சும்மா சும்மா ரீஸ்டார்ட் பண்ணினால் மட்டும் எனக்கு அடிவயிறு கலங்கும். ஏன் என்று அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்துச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் கோலார் தங்கவயல். கே.ஜி.எஃப். என்றால் இப்போது எல்லோருக்கும் 2018-ல் வந்த சினிமாதான் ஞாபகம் வருகிறது. எங்கள் கே.ஜி.எஃப்.பில் அவ்வளவு துப்பாக்கியெல்லாம் கிடையாது சாமி. லைன் வீடுகள், சயனைடு மேடு, விடிகாலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களை அள்ளிக்கொண்டு கிளம்பும் மாரிகுப்பம் ரயில், வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், தெலுங்கு, சண்டை போட மட்டும் இங்கிலீஷ். அவ்வளவுதான் எங்கள் ஊர்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பெங்களூருக்குக் கரண்ட் வந்தது 1905-ல். எங்களுக்கு 1902-லேயே வந்துவிட்டது. காவிரியில் சிவசமுத்திரம் அருவியில் தயாரித்த மின்சாரத்தை 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1902 ஜூன் 30 அன்று அது ஓட ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்தடங்களில் ஒன்று. டர்பைன் ஸ்விட்சர்லாந்தின் எஷர் வைஸ், ஜெனரேட்டர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக். மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் பின்னால் நின்று நடத்திய வேலை. அது ஓடுவதைப் பார்க்காமலே 1901-ல் அவர் இறந்துபோனார்.

இதில் ஒரு தமாஷ் என்னவென்றால், அந்தத் திட்டத்தை முன்னின்று செய்த இன்ஜினியர் ஆலன் ஜோலி டி லாட்பினியர் கனடாக்காரர். க்யூபெக் மாகாணத்தின் பிரிமியராக இருந்தவரின் மகன். அங்கேயிருந்து ஒருத்தர் வந்து எங்கள் ஊருக்கு விளக்கு ஏற்றிவிட்டுப் போனார். நூறு வருஷம் கழித்து எங்கள் ஊரிலிருந்து நான் இங்கே வந்து ஆணி புடுங்கிக்கொண்டிருக்கிறேன். கணக்கு நேர்!

இன்னொரு உறவும் உண்டு. சிவசமுத்திரத்துக் கரண்ட் அந்நாளில் நொடிக்கு 25 சுழற்சி. நயாகராவிலும் அதே 25. இங்கே தென் ஒன்டாரியோ வீடுகளில் 1950கள் வரைக்கும் 25 சுழற்சிதான். அதில் சின்ன பல்பு போட்டால் துடிப்பது கண்ணுக்கே தெரியுமாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

என் நைனா சாம்பியன் ரீஃபில் எலக்ட்ரீஷியன். 1964-ல் சேர்ந்தவர். வைண்டிங் இன்ஜின் பக்கம்தான் அவருக்கு வேலை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. அதில் ஆட்களைக் கேஜில் இறக்கி ஏற்றுவது வைண்டிங். அதன் கரண்ட், பிரேக், மணி எல்லாம் இவர்கள் கையில். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் இறைக்கும் பம்புகளும் நின்றன. உள்ளே தண்ணீர் ஏறியது. அப்புறம் நைனா சுரங்கத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. போனில் நான் ஏதாவது கேட்டால், "அதான் தண்ணி ரொம்பிப் போச்சே, இன்னும் இன்னா?" என்பார். பேச்சு அதோடு முடியும்.

2005-ல் லீவில் போனபோது நைனாவின் பழைய சகாக்கள் நாலைந்து பேர் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்திருந்தார்கள். பழைய தொழிலாளர்களின் விவரங்களைச் சேர்க்கும் வேலை. பெயர், டோக்கன் நம்பர், எந்த ஷாஃப்ட், சேர்ந்த தேதி, நின்ற தேதி, இருக்கிறாரா இல்லையா, வாரிசு யார். வயசானவர்கள் பிளாஸ்டிக் பையில் பழுப்பேறிய காகிதங்களைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். பி.யூ.சி. முடித்த ஒரு தம்பி பார்த்து டைப் அடித்துவிட்டு, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். சிலர் அடுத்த வருஷம் இருக்க மாட்டார்கள். காகிதமும் இருக்காது. அப்புறம் அந்த மனிதர் சுரங்கத்தில் வேலை பார்த்ததற்கு அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு வரிதான் மிச்சம்.

நான் பெரிய மனசு பண்ணி (!) ஒரு அசெம்பிள்டு பொட்டி வாங்கி, லினக்ஸ் போட்டு, மைஎஸ்க்யூஎல் ஏற்றி, ஒரு யூ.பி.எஸ்.ஸும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும்போது பயாஸில் ஒரு செட்டிங் மாற்றினேன். கரண்ட் போய் வந்தால் பொட்டி தானாகவே ஆன் ஆகிவிடும். "நீங்க பட்டனைக்கூடத் தொட வேண்டாம் மாமா, அதுவே எழுந்துக்கும்" என்று பந்தாவாகச் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2007 மே மாதம் மறுபடி ஊருக்குப் போனேன். போன இரண்டாம் நாள் சாயங்காலம் புழுதிக் காற்றும் மழையுமாக அடித்துக் கரண்ட் போனது. மூன்று மணி நேரம் கழித்து வந்தது. மறுநாள் காலையில் டைப் அடிக்கும் தம்பி வீட்டு வாசலில் நிற்கிறான். "அண்ணா, சர்வர் செத்துச் செத்துப் பொழைக்குது." அடுத்த திங்கட்கிழமை அந்தப் பட்டியலைப் பெங்களூரில் ஒரு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அன்றைக்கு வியாழன்.

வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணர் இல்லையா நான்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

முதல் வேலையாக டிஸ்கைச் சரிபார்த்தேன். பிழைகள் இருந்தன, திருத்தினேன். டேபிள்கள் உடைந்திருந்தன. அதையும் ரிப்பேர் கமாண்ட் கொடுத்துச் சரி செய்தேன். எல்லோரும் கை தட்டாத குறை. 25 நிமிஷம் ஓடியது. பொட்டென்று நின்றது. நான் மூடியைக் கழற்றுவதற்குள் தானாகவே மறுபடி ஏறியது. மறுபடி டிஸ்க் பிழை, மறுபடி ரிப்பேர். முக்கால் மணி நேரம் ஓடியது. நின்றது.

லாக் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் பாதி வார்த்தையில் நிறுத்தின மாதிரி ஒரு வரி நடுவில் முடிகிறது. அடுத்த வரி பொட்டி புதிதாக ஏறின வரி. மெமரி என்று நினைத்தேன். கழற்றித் துடைத்து மாட்டினேன். சோதனை புரோகிராம் ராத்திரி முழுக்க ஓடியது. மெமரி பத்தரை மாற்றுத் தங்கம். பொட்டியும் ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட விழவில்லை! காலையில் டேட்டாபேஸை ஓட்டினேன், 10.40-க்கு விழுந்தது. 'ஆஹா, சாஃப்ட்வேர்தான்' என்று முடிவு கட்டினேன்.

அப்புறம் மதர்போர்டைப் பார்த்தால் இரண்டு கபாசிட்டர் உப்பிப்போய்த் தலையில் பழுப்புக் கறை. சுமார் 1999-லிருந்து சில வருஷங்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் மட்டமான எலக்ட்ரோலைட் ஊற்றின கபாசிட்டர்கள் வந்து உப்பி வெடித்த கதை பொட்டி தட்டுகிறவர்களுக்குத் தெரியும். 'மாட்டினான்டா திருடன்!' என்று துள்ளிக் குதித்து, ரயிலைப் பிடித்துப் பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குப் போய்ப் புது போர்டும் புது எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வாங்கி, சனிக்கிழமை காலையில் மாட்டினேன். 11.25-க்கு விழுந்தது.

எனக்கு வியர்த்துவிட்டது. பேக்கப் கேட்டேன். நாலு மாசத்துக்கு முந்தைய ஒரே ஒரு சி.டி. இருந்தது.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். சோறு இறங்கவில்லை. நைனா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாடா ஆச்சு?"

சொன்னேன். அவருக்குப் புரியாது என்று நினைத்து மெமரி, மதர்போர்டு, டேபிள் என்று என் பாஷையிலேயே சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது எப்போ சாவுது?"

"அப்பப்போ நைனா."

"அப்பப்போன்னா? மணி எத்தினி?"

யோசித்துப் பார்த்தால், எனக்கு 10.40, 11.25 தவிர ஒன்றும் நினைவில்லை. "சப்ஸ்டேசன்ல லாக் புக்கு இல்லாம ஒரு சுவிட்சைத் தொட மாட்டோம். மணி எழுதாதவன் எலக்ட்ரீஷியனே இல்ல" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார். ஆறு வருஷத்தில் அவர் சுரங்க வேலையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தம்பியையும் கேட்டோம். பொட்டியின் லாக்கில் ஏறின நேரங்களையும் எடுத்தோம். நைனா ஒரு பழைய டைரியில் பென்சிலால் எழுதினார். இரண்டரை நாளில் பதினாலு தடவை விழுந்திருக்கிறது. ராத்திரி ஒரு தடவைகூட இல்லை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை இல்லை. எல்லாம் காலை பத்துக்கும் ராத்திரி எட்டுக்கும் நடுவில்.

"இது மிசினுக்கு வந்த நோயில்ல. கீழே எவனோ கடை தொறந்து மூடுறான்" என்றார்.

நான் சர்வருக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்தேன். அவர் அறைக்குள்ளேயே வரவில்லை. மாடிப் படியில் தொங்கிய ஒரு பழைய குண்டு பல்பைப் போட்டுவிட்டு அதன் கீழே உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். நான் பொறுமையிழந்து, "நைனா, இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு" என்றேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

இருபது நிமிஷம் இருக்கும். பல்பு திடீரென்று பிரகாசமானது. மங்கவில்லை, பிரகாசமானது. மேலே அறையில் பொட்டி நின்றது.

"கீழே போயி டைலர் இன்னா பண்றான் பாரு."

டைலர் இஸ்திரிப் பெட்டியை அப்போதுதான் போட்டிருந்தார். பக்கத்தில் ஜெராக்ஸ் மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. டைலர் கடைக்குள் டியூப் லைட் மினுக்கிக்கொண்டிருந்தது.

"லோடு போட்டா வெளக்கு மங்கணும். ஏறுச்சுன்னா நியூட்ரல் போச்சுன்னு அர்த்தம்" என்றார் நைனா.

மின்சாரம் படிக்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அந்தக் கட்டடத்துக்கு மூன்று ஃபேஸ் சப்ளை. டைலரும் ஜெராக்ஸும் ஒரு ஃபேஸில், எங்கள் மாடி வேறொரு ஃபேஸில். மூன்று பேர் மூன்று திசையில் கயிறு இழுக்கிறார்கள், மூன்று கயிறும் நடுவில் ஒரு முடிச்சில் சேர்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முடிச்சை அசையாமல் பிடித்திருக்கும் முளைதான் நியூட்ரல். முளை லூசானால், யார் பலமாக இழுக்கிறானோ அவன் பக்கம் முடிச்சு நகரும். அவனுக்குக் கயிறு குட்டையாகும், மற்றவர்களுக்கு நீளமாகும். டைலர் இஸ்திரிப் பெட்டி போட்டால் அவருக்கு வோல்டேஜ் இறங்கும், எங்களுக்கு ஏறும். மீட்டர் வைத்துப் பார்த்தோம். 230 இருக்க வேண்டிய இடத்தில் 274.

யூ.பி.எஸ். அதைப் பார்த்து, 'இந்தக் கரண்ட் ஆகாது' என்று பேட்டரிக்கு மாறியிருக்கிறது. அது சரியாகத்தான் வேலை செய்தது. பேட்டரிதான் பழசு, ஒன்றரை நிமிஷத்தில் காலி. பொட்டி படார். இஸ்திரிப் பெட்டி சூடேறி அணைந்ததும் வோல்டேஜ் சரியாகும், யூ.பி.எஸ். திரும்ப ஆன் ஆகும், பொட்டி நான் சொல்லிக்கொடுத்தபடியே தானாக எழுந்துகொள்ளும்.

அதெல்லாம் சரி, பேட்டரிக்கு மாறினால் யூ.பி.எஸ். கீ கீ என்று கத்துமே? மூன்று நாளாக நான் ஒரு சத்தமும் கேட்கவில்லையே? தம்பி தலையைச் சொறிந்தான். "ரொம்பக் கத்துதுன்னு போன வருஷமே பஸ்ஸர் ஒயரைக் கட் பண்ணிட்டோம்ணா."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று நான் டொரண்டோவில் இருந்தேன். மாலை 4.10 வாக்கில் அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஒன்டாரியோவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேருக்குக் கரண்ட் போனது. பிறகு விசாரித்ததில் என்ன தெரிந்தது? ஒஹாயோவில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை கொடுக்கும் மென்பொருள் மதியம் 2.14-க்கே மௌனமாகச் செத்துவிட்டது. அப்புறம் அது ஓடிய சர்வர் விழுந்தது, மாற்றுக்கு வைத்த சர்வரும் விழுந்தது. அலாரம் ஒன்றும் அடிக்கவில்லை, அதனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்காவிட்டால் பிரச்சினை இல்லை என்றுதான் எல்லா ஊரிலும் மனிதன் நினைக்கிறான்.

நைனா மெயினை ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டு, கீழே மீட்டர் பலகைக்குப் பின்னால் இருந்த நியூட்ரல் லிங்கைக் கழற்றினார். அலுமினியக் கம்பியும் பித்தளை ஸ்குரூவும் சேரும் இடம் கரிக்கட்டை. பல வருஷமாகவே லூசாக இருந்திருக்கும். புதன்கிழமை ராத்திரி கரண்ட் திரும்பி வந்தபோது கட்டடத்தில் எல்லா சுவிட்சும் ஆனிலேயே இருந்திருக்கின்றன. மொத்த லோடும் ஒரே நொடியில் ஏறியதில் அந்த முடிச்சு வெந்துவிட்டது. கருகின நுனியை வெட்டி, சுரண்டி, புது லிங்க் போட்டு முறுக்கினார். நாற்பது ரூபாய் சாமான். நான் எஸ்.பி. ரோடில் விட்டது ஐயாயிரத்துச் சொச்சம். ஹி ஹி.

சிரிப்பு இதோடு முடிகிறது.

ராத்திரி உட்கார்ந்து டேட்டாவைப் பார்த்தேன். உடைந்த டேபிளை ரிப்பேர் பண்ணும்போது, படிக்க முடியாத வரிகளை அந்தக் கமாண்ட் தூக்கிப் போட்டுவிடும். அதனால்தான் ரிப்பேருக்கு முன்னால் ஒரு காப்பி எடுக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொந்த ஊரில், மாமாக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேகமாகச் சரி பண்ணிக் காட்டும் அவசரத்தில் நான் காப்பி எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவை எழுந்தபோதும் கொஞ்சம் உடைந்தது, ஒவ்வொரு ரிப்பேரிலும் கொஞ்சம் போனது. சி.டி.யோடு ஒப்பிட்டு மீட்டது போக, கடைசி நாலு மாசத்தில் ஏற்றின பெயர்களில் 37 காணோம்.

மாமாக்கள் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போனா போவுது, திரும்ப எழுதிக்கலாம் விடுப்பா" என்றார்கள். அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது நைனாவிடம் அந்த பயாஸ் செட்டிங்கைப் பற்றிச் சொன்னேன். தானாக எழுந்துகொள்ளும்படி நான்தான் வைத்தேன் என்று. நடப்பதை நிறுத்திவிட்டார்.

"எவனாவது அப்படி வெப்பானா? நம்ம ஊட்டு மோட்டார் ஸ்டார்ட்டர்ல கூட நோ-வோல்ட் காயில் எதுக்கு இருக்குது? கரண்ட் போனா வுட்டுடணும். வந்தா தானா புடிக்கக் கூடாது. ஆளு வந்து பச்சை பட்டனை அமுக்கணும். வைண்டிங்ல கரண்ட் போச்சுன்னா பிரேக்கு தானா வுழும். கரண்ட் வந்துச்சுன்னு பிரேக்கு தானா தூக்காது. டிரைவர் கீழேருந்து மணி வருதான்னு கேக்கணும், கயிறு இன்னா நெலைமைல கீதுன்னு பாக்கணும், ஏன் நின்னுச்சுன்னு லாக் புக்குல எழுதணும். அப்பறம்தான் கையி லிவருக்குப் போவும். கேஜுக்குள்ள ஆளு நிக்கிறான்பா."

கேஜுக்குள்ள ஆளு நிக்கிறான். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. அந்தப் பொட்டிக்குள்ளும் ஆட்கள் நின்றார்கள். முப்பத்தேழு பேர்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நைனா சைக்கிளை எடுத்துவிட்டார். தம்பியின் நினைவில் இருந்த பெயர்கள், வந்துபோனவர்கள் கையெழுத்துப் போட்ட நோட்டு, இரண்டையும் வைத்துக்கொண்டு மாரிகுப்பம், சாம்பியன், உரிகாம் என்று லைன் லைனாகப் போனோம். நான் பின்னால் இன்னொரு சைக்கிளில். 31 பேரை அன்றைக்கே பிடித்து மறுபடி எழுதிவிட்டோம். நாலு பேர் பெங்களூரில் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், பிறகு கிடைத்தார்கள். ஒருவர் யார் என்றே கடைசி வரைக்கும் தெரியவில்லை. அந்த ஒருவரை நான் இன்னும் மறக்கவில்லை.

மிச்சம் இருந்த ஒருவர் அந்த நாலு மாசத்துக்குள் இறந்துபோயிருந்தார். காகிதமெல்லாம் எங்கே என்று அவர் மனைவிக்குத் தெரியவில்லை. "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டாச்சுன்னு சொன்னாரே தம்பி" என்றார் அந்த அம்மா. நான் தரையைப் பார்த்தேன். உள்ளே போய் சாமி படத்துக்குப் பின்னால் இருந்து ஒரு பித்தளை டோக்கனை எடுத்து வந்தார். தேய்ந்த நம்பர். நைனா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தார். அப்புறம், "உங்க ஊட்டுக்காரரு செகண்ட் ஷிப்ட்டு. கேஜுல கடைசியாத்தான் ஏறுவாரு. எனக்குத் தெரியும்மா" என்றார். சேர்ந்த வருஷத்தை அவரும் இன்னும் இரண்டு பெரியவர்களும் சேர்ந்து கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் மூன்று சாட்சிக் கையெழுத்து வாங்கினோம்.

திங்கட்கிழமை பட்டியல் போனது. அச்சடித்த தாள்களோடு கடைசியில் கையால் எழுதின இரண்டு தாளும் சேர்ந்து.

ஊருக்குக் கிளம்பும் முன் பயாஸில் அந்த செட்டிங்கை மாற்றினேன். பஸ்ஸர் ஒயரை நைனா சால்டர் வைத்து ஒட்டினார். பொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். 'நின்ற மணி, காரணம், ஏற்றிய ஆள்' என்று மூன்று கட்டம். காரணம் எழுதாமல் பட்டன் அமுக்கக் கூடாது என்பது சட்டம்.

நைனா இப்போது இல்லை. அந்த மே மாசத்துக்குப் பிறகு போனில் சுரங்கத்தைப் பற்றி நான் கேட்காமலே பேசுவார். வைண்டிங் மணிக் கணக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து, இப்படி எத்தனையோ. சுரங்கத்தைத் திறக்கப் போகிறார்கள், உலக டெண்டர் விடப் போகிறார்கள் என்று சில வருஷத்துக்கு ஒரு தடவை பேப்பரில் வரும். 2013-ல் சுப்ரீம் கோர்ட்டும் டெண்டருக்கு வழி விட்டது. 2024-ல் கர்நாடக அமைச்சரவை சயனைடு மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் ஊர் எழுந்து உட்காரும், மறுபடி படுக்கும். நைனா இருக்கும்போது இந்தச் செய்தி வந்தாலே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏன் நின்னுச்சுன்னு எழுதினானுங்களா?"

சரி, போன வார சர்வர் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பையனை உட்கார வைத்து முதலில் டிஸ்கைக் காப்பி எடுக்கச் சொன்னேன். அப்புறம் ஒரு தாளில் விழுந்த மணிகளை எழுதச் சொன்னேன். அப்புறம் இரண்டு பேரும் எழுந்து போய் ரேக்குக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். டிஸ்க் அலமாரிக்குப் போகும் ஒரு பிரேக்கர் விழுந்து கிடந்தது. பாதி டிஸ்குக்குக் கரண்டே இல்லை. சர்வர் ஒவ்வொரு தடவை எழுந்தபோதும் பாதி உடம்போடு எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறது. இதற்கு எச்சரிக்கை மெயிலும் வந்திருந்தது. யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குப் போகும்படி எவனோ புண்ணியவான் எப்போதோ வைத்திருந்தான். பஸ்ஸர் ஒயர்!

பிரேக்கரைத் தூக்குவதற்கு முன் பையன் கையை நீட்டிவிட்டு, பாதியில் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏன் விழுந்துச்சுன்னு மொதல்ல எழுதிடட்டுமா அண்ணே?"

தேறிவிடுவான்.

டிஸ்கி: உங்கள் வீட்டில் மிக்சி போட்டால் லைட் பிரகாசமாகிறதா? அதை முழுதாகப் படித்த கையோடு மெயினை ஆஃப் பண்ணிவிட்டு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்களே ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் என் நைனா இல்லை.